பதினேழாம் பகுதி

பகல் துணைக்கு வரும் எஸ்தர் செருப்பை மாட்டிக்கொண்டே, "மாத்திரை குடுத்துட்டேன் சார், அஞ்சரைக்கு மேல டீ மட்டும் போட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனபோது மணி இரண்டே முக்கால். இனி நாளைக் காலை எட்டு மணிக்குத்தான் வருவாள். தணிகாசலம் கதவைச் சாத்தி மேல் தாழ்ப்பாளைப் போட்டார். போட்டோமா என்று இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார். கேஸ் அடைத்தாயிற்றா, அடைத்தாயிற்று. பால்கனிக் கம்பிக் கதவு, அதுவும் ஆயிற்று. இனி இந்த வில்லிவாக்கத்து இரண்டாம் மாடி வீட்டில் அவரும் அவர் மனைவி நவநீதமும் மட்டும்தான். அவள் கூடத்துப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். நான்காக மடித்து, மடியில் வைத்து, தடவிப் பார்த்து, பிறகு உதறி முதலிலிருந்து. அவர் உள்ளே வந்ததும் நிமிர்ந்து, புது இடத்தில் யாரையோ பார்த்தால் சிரிப்பதுபோல வாயை மட்டும் விரித்துச் சிரித்தாள். "உட்காருங்க சார். அவர் ஆபீஸ்லேருந்து அஞ்சரைக்கு வந்துடுவார்." எட்டு மாதமாக இந்தச் சார். முதல் நாள் அவர் கோபப்பட்டார், இரண்டாம் நாள் கல்யாண ஆல்பத்தை எடுத்துக் காட்டினார், அவள் போட்டோவில் இருந்த மீசைக்காரனைப் பார்த்து, "ஆமா, இவர்தான்" என்றாள், அவரைப் பார்த்து, "நீங்க இவருக்குச் சொந்தமா?" என்றாள். இப்போதெல்லாம் அவர் ஆல்பத்தை எடுப்பதில்லை. "வரட்டும்மா, நீங்க இருங்க" என்று சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்தார். நாற்பது வருடம் நீ, வா, போ என்று கூப்பிட்டவளை நீங்க என்று கூப்பிட நாக்கு பழகிவிட்டது. பழகியது எப்போது என்று யோசித்தால் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது, எல்லாவற்றுக்கும் நாக்கு பழகிவிடுகிறது.

கைப்பேசியில் காலையிலிருந்து அந்தச் செய்தி அப்படியே கிடந்தது. வாலாஜாப்பேட்டையிலிருந்து ஞானசேகர் அனுப்பியிருந்தார், பழைய வீடியோ கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுக்கிற தொழில் அவருக்கு. 'ஐயா, கிடைச்சிருச்சு. ஒரு கல்யாண கேசட்டோட கடைசியில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பதினேழாம் பகுதி. முழுசா இல்ல, பதினாலு நிமிஷம். நீங்க நோட்டுல எழுதி வெச்ச மாதிரியே இருக்கு ஐயா, ஒரு வரி பிசகல.' அதன் கீழே அமுக்கினால் ஓடுகிற படம். அமுக்கவில்லை. செய்தி வந்த வாட்ஸ்அப் குழுவில் மொத்தம் பதினோரு பேர், 'எட்டாவது கிழமை அன்பர்கள்' என்று பெயர், ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை, எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள், எல்லோருக்கும் ஒரே ஏக்கம். எண்பத்தாறில் தொலைக்காட்சியில் வாரம் ஒரு தடவை, வியாழக்கிழமை இரவு எட்டரைக்கு, அரை மணி நேரம். வாரம் ஒரு தனிக்கதை. பேய், வேற்றுக்கிரகம், காலத்தைத் தாண்டிப் போகிறவன், கண்ணாடிக்குள் வேறு முகம். ஒல்லியான ஒரு மனிதர் காலி வகுப்பறையில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருப்பார், கரும்பலகையில் ஏழு கிழமையும் எழுதியிருக்கும், சாக்பீஸை எடுத்துக்கொண்டு எட்டாவதாக ஒரு கோடு போடுவார். "வாரத்தில் ஏழு நாள் உங்களுடையது. இந்த அரை மணி நேரம் எங்களுடையது." உடனே அந்த இசை, வயலினை யாரோ தலைகீழாகப் பிடித்து வாசித்ததுபோல, கீழே இறங்கி இறங்கி, நின்று, மறுபடி இறங்கும். தணிகாசலத்துக்கு இன்றைக்கும் முதுகில் ஒரு கோடு சில்லிடும். இருபத்தாறு பகுதி வந்தது. ஒன்றுகூட இப்போது இல்லை, நாடா பற்றாக்குறையில் அவற்றின் மேலேயே வேறு எதையோ பதிந்துவிட்டார்கள் என்று குழுவில் ஒருவர் சொல்வார், வெள்ளத்தில் போயிற்று என்பார் இன்னொருவர். மிஞ்சியது தணிகாசலத்தின் நோட்டு மட்டும்தான். பச்சை அட்டை போட்ட நோட்டு. ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வரைவாளர் வேலை, அளவுக்கோல் பிடித்த கை, எழுத்தெல்லாம் அச்சு மாதிரி இருக்கும். கதை, நடித்தவர்களின் பெயர், எந்தக் காட்சியில் என்ன, எல்லாம். மற்ற பகுதிகளுக்குப் பக்கத்துக்கு ஒன்று. பதினேழுக்கு மட்டும் நான்கு பக்கம்.

பதினேழை விடு. பதினொன்றை நினைக்கலாம், பதினொன்று நல்ல கதை, பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியர் வருகைப் பதிவு எடுக்கும்போது கடைசியில் ஒரு பெயர் கூடுதலாக இருக்கும், அவர் கூப்பிடுவார், யாரோ உள்ளேன் ஐயா என்பார்கள், நிமிர்ந்து பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். அந்த வாரம் நவநீதம் பயந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், வளையல் அழுந்தி மணிக்கட்டில் கோடு விழுந்தது. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அயனாவரத்தில் முதல் மாடியில் ஒற்றை அறையும் சமையலறையும், கீழே வீட்டுக்காரம்மா குப்பம்மாள், இழுத்து மூடுகிற கதவு வைத்த கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி, அதற்கு நவநீதம் பூவேலை செய்து போட்ட உறை. படம் ஆடினால் அவர் மொட்டை மாடிக்கு ஓடி ஆன்டெனாவைத் திருப்புவார், அவள் ஜன்னலில் தலையை நீட்டி, "இன்னும் கொஞ்சம், ஆங், போச்சு, திரும்ப வாங்க" என்பாள். வேற்றுக்கிரகத்துக் கல் தெர்மகோல் என்பது அப்போதே தெரியும், பறக்கும் தட்டுக்கு மேலே நூல் தெரியும், இருந்தாலும் வியர்க்கும். ஆறாவது பகுதியில் ஒரு லிஃப்ட், தையல் மெஷின் ஒன்று தானாக ஓடுகிற கதை, அது ஒன்பதா பத்தா, நோட்டில் பார்க்கவேண்டும், பதினாலில் கலங்கரை விளக்கம், பதினைந்தில் ஊமைப் பெண், பதினாறில், பதினாறில் அந்தத் தபால்காரர், பதினெட்டில் பனிக்கட்டி. பார்த்தாயா, தாண்டிவிட்டாய். முப்பத்தொன்பது வருடமாகத் தாண்டிக்கொண்டுதான் இருக்கிறாய். குழுவில் யாராவது பதினேழைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவருக்குப் பதில் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் அந்தப் பதினோரு பேரில் அதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அன்றைக்குப் புயல் மழை, பாதி ஊரில் மின்சாரம் இல்லை, சிலருக்குப் படம் எடுக்கவில்லை. "எப்படி ஐயா நீங்க மட்டும் பார்த்தீங்க" என்று கேட்பார்கள். எங்கள் தெருவில் கரண்ட் இருந்தது என்று எழுதுவார். அது உண்மைதான். தெருவில் கரண்ட் இருந்தது. ஆஸ்பத்திரியிலும் இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஆண்களை உள்ளே விடமாட்டார்கள், அதையும் கணக்கில் எடுக்கவேண்டும். தாழ்வாரத்தில் ஒரு மர பெஞ்சு, அதில் நான்கு ஆம்பிளைகள், வெளியே மழை. நவநீதத்துக்கு ஏழாவது மாதம்தான், வயிறு வலிக்கிறதென்று மத்தியானம் சேர்த்தது, ஒன்றுமில்லை, படுக்க வைத்துப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். பயப்பட எதுவுமில்லை என்றுதான் சொன்னார், அந்த வார்த்தையைத்தான் சொன்னார், அது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது, அதை அவர் நினைவிலிருந்து நழுவவிட்டதே இல்லை. நவநீதத்தின் அம்மா மறுநாள் காலை ரயிலில்தான் வரவேண்டும். ஏழரை மணிக்கு அவர் வாசல் வரைக்கும் போய் எட்டிப் பார்த்து, மாற்றுத் துணியும் ஃபிளாஸ்க்கும் எடுத்து வருகிறேன் என்று சொன்னார். அவள் சரி என்று தலையாட்டினாள். துணி தேவைதான். ஃபிளாஸ்க்கும் தேவைதான். வீட்டுக்கு வந்தபோது மணி எட்டு இருபது. துணியைப் பையில் வைத்தாயிற்று. வெந்நீர் கொதிக்கவேண்டும் இல்லையா, அதுவரைக்கும் என்று தொலைக்காட்சியைப் போட்டார். வெந்நீர் எட்டரைக்குக் கொதித்துவிட்டது. கலங்கலாக, புள்ளி புள்ளியாகப் படம், கரும்பலகை, எட்டாவது கோடு, அந்த இசை. மலைமேல் ஒரு தொலைநோக்கி நிலையம், அங்கே தனியாக வேலை பார்க்கிற ஒருவன் வானத்திலிருந்து ஒரு சத்தம் வருவதைக் கேட்கிறான். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். விளம்பரம் வரட்டும், கிளம்பலாம். யார் அது என்று தெரிந்ததும் கிளம்பலாம். கடைசியில் அவன் எழுந்து மெஷினை அணைக்கும்வரைக்கும் பார்த்தார், எழுத்து ஓடி முடியும்வரைக்கும் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குத் திரும்பும்போது பத்து மணி ஆகிவிட்டது, மழையில் பஸ் கிடைக்கவில்லை. அதைத்தான் நவநீதத்திடம் சொன்னார், மழையில் பஸ் கிடைக்கவில்லை. பெஞ்சில் இருந்த ஒருவர்தான் தோளைத் தொட்டு, "உங்களைத்தான் கூப்பிட்டாங்க, எங்கே போனீங்க" என்றார். ஆண் குழந்தை. கொஞ்ச நேரம் உயிர் இருந்ததாம். எவ்வளவு நேரம் என்று அவர் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் கழித்துப் பார்க்கத் தோன்றும்.

நாலரை மணிக்கு அவள் துண்டை மடிப்பதை நிறுத்திவிட்டு விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இது கெட்ட நேரம், இதற்குப் பிறகுதான் வாசலைத் திறக்கச் சொல்லி அழுவாள். பழைய பாட்டு, பழைய வாசனை, பழைய சத்தம் ஏதாவது காட்டுங்கள், சில பேருக்குச் சட்டென்று தெளியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாட்டெல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. வேறு என்ன மிச்சம். இதைப் போடாதே என்று ஒரு பக்கம் சொல்லிற்று, பதினேழு வேண்டாம். ஆனால் ஒருவேளை அந்த இசை, அதற்குப் பிந்தைய வியாழக்கிழமைகள். குழந்தை போனபிறகு அந்த இரண்டு மாதம் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. எட்டரைக்கு மட்டும், "வா, ஆரம்பிக்குது" என்பார், அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவாள், தலையை அவர் தோளில் சாய்த்துக்கொள்வாள். பதினெட்டு முதல் இருபத்தாறு வரை. அதுதான் எங்களைச் சேர்த்துக் கட்டியது என்று அவர் குழுவில் ஒரு தடவை எழுதியிருக்கிறார், குழந்தையைப் பற்றிச் சொல்லாமல். மற்ற பத்துப் பேரும் கைகூப்புகிற படம் போட்டார்கள். அந்தத் தோளின் கனம் இன்னும் இருக்கிறது, இடது தோள், எண்ணெய் வாசனை. அது வந்தால் போதும். ஒரு நிமிடம் வந்தால் போதும். புனேயிலிருந்து மகள் சுபாஷிணி வாங்கி அனுப்பியிருந்த டேப்லெட்டைக் கொண்டுவந்து டீப்பாயில் சாய்த்து வைத்தார். "ஒரு நாடகம் பார்க்கலாமா?" என்று கேட்டார். "பார்க்கலாமே" என்றாள் அவள், விருந்தாளியின் மனம் கோணக்கூடாது என்பதுபோல.

முதலில் யாரோ ஒரு மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக ஜீப்பில் ஏறினான், கையசைத்தான், படம் கிழிந்தது, கோடு கோடாக ஓடியது. பிறகு வகுப்பறை. தணிகாசலம் நினைத்ததைவிட அது சின்னதாக இருந்தது. கோட்டுப் போட்டவர் இளைஞர், முப்பது வயதுகூட இருக்காது, குரல் மட்டும்தான் கிழவர் குரல். இத்தனை வருடம் அவரைத் தன்னைவிடப் பெரியவராக நினைத்துக்கொண்டிருந்தோமே என்று இருந்தது. சாக்பீஸ் கோடு. இசை. நவநீதத்தின் உதடு அசைந்தது. இறங்கி இறங்கி, நின்று, மறுபடி இறங்குகிற அந்த வயலினை அவள் மூக்குக்குள் முனகினாள், ஒரு சுரம் தவறவில்லை. "தெரியுதா?" என்றார். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டார்.

"தெரியாம என்ன. எட்டாவது கிழமை. எங்க வீட்டுக்காரருக்கு இதுன்னா உயிர். வந்ததும் சொல்றேன், சந்தோஷப்படுவார்."

படம் ஓடிக்கொண்டிருந்தது. தொலைநோக்கி நிலையம் என்று அவர் நான்கு பக்கம் எழுதியது ஒரு துணித் திரை. மலை வரைந்திருந்தது, காற்றில் மலை ஆடியது. மெஷின் என்பது பழைய ரேடியோவின் முகப்பில் ஒட்டிய நாலு பல்பு. அந்த ஆள் காதில் கையை வைத்துக்கொண்டு, "வானத்திலிருந்து ஏதோ சத்தம்" என்று மேடை நாடகத்தில் போலச் சபையைப் பார்த்துச் சொன்னான். இதற்காகவா. இந்தத் துணிக்கும் பல்புக்குமா. நல்ல படமாக இருந்திருந்தால் மட்டும் என்ன, சரியாகிவிடுமா. ஆனாலும் இதற்காகவா என்றுதான் மனது திரும்பத் திரும்ப அங்கே போய் முட்டியது.

"உங்களுக்கும் இது பிடிக்குமா?" என்று கேட்டார்.

"யாருக்கு, எனக்கா?" அவள் சிரித்தாள், இந்தத் தடவை கண்ணும் சேர்ந்து. "வியாழக்கிழமை வந்தாலே பயம்தான் சார். நான் எங்கே பார்த்தேன். அவர் தோள்ல சாஞ்சுக்கிட்டுக் கண்ணை மூடிக்குவேன். பாட்டு முடியற வரைக்கும் திறக்கமாட்டேன். அவர் நான் பார்க்கறேன்னு நினைச்சுக்கிட்டு, பார்த்தியா பார்த்தியான்னு கேட்பார். ஆமாங்கன்னு சொல்லுவேன்."

"சொல்லியிருக்கலாமே, பிடிக்கலைன்னு."

"பாவம் சார் அவர். அது ஒண்ணுதான் அவருக்கு."

திரையில் அந்த ஆள் மேஜை மேல் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். அணைத்துவிடலாமா என்று தணிகாசலம் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது, ஏனென்றால் அவள் அதைப் பார்த்துக்கொண்டே, மிகச் சாதாரணமாக, கடைக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோல, "இதை மட்டும் நான் கேட்டதுகூட இல்லை. அவர் நோட்டுல நாலு பக்கம் எழுதி வெச்சிருக்கற மலைக் கதை, எனக்குக் குழந்தை பொறந்த அன்னைக்கு வந்தது" என்றாள்.

நீட்டிய கையை அவர் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில இருந்தேன். அவர் துணி எடுத்துட்டு வரேன்னு போனார். போகும்போதே எனக்குத் தெரியும் சார், அன்னைக்கு வியாழக்கிழமை. போயிட்டு வரட்டும்னுதான் தலையாட்டினேன். பொறக்க இன்னும் நாள் இருக்குன்னுதானே எல்லாரும் சொன்னாங்க."

"மழை பெய்ஞ்சிருக்கும். பஸ் கிடைச்சிருக்காது" என்றார் தணிகாசலம். அவருக்கே அந்தக் குரல் யாருடையதோ போலக் கேட்டது.

"அப்படித்தான் அவரும் சொன்னார். ஆனா மறுநாள் குப்பம்மா பார்க்க வந்தாங்க, கீழ் வீட்டுக்காரம்மா. ராத்திரி உங்க வீட்ல டிவி பாட்டு கேட்டுது, நீ நல்லபடியா திரும்பி வந்துட்டேன்னு நினைச்சேன்டி அப்படின்னு அழுதாங்க. நான் அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னேன்." துண்டை எடுத்து மறுபடி மடிக்கத் தொடங்கினாள். "நர்ஸம்மா வெளியில போய்க் கூப்பிட்டது எனக்கு உள்ளே கேட்டுது. நவநீதம் வீட்டுக்காரர் யாருன்னு. மூணு தடவை. குழந்தை அப்போ கண்ணைத் திறந்து வெச்சிருந்தது. அப்பா வருவார் இருடா, வந்துடுவார் இருடான்னு சொல்லிக்கிட்டிருந்தேன்."

படம் எப்போதோ முடிந்து திரை கறுத்திருந்தது. தணிகாசலம் கறுத்த திரையில் தன் தலையையும் பின்னால் ஜன்னலையும் பார்த்தார். முப்பத்தொன்பது வருடம். சுபாஷிணி பிறந்தாள், பள்ளிக்கூடம் போனாள், கல்யாணம் ஆயிற்று, இந்த வீடு வாங்கினோம், சண்டை போட்டோம், எத்தனை சண்டை, ஒன்றிலாவது இவள் இதை எடுத்திருக்கலாம், கையில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அவர் பச்சை நோட்டைப் பிரித்து எழுதும்போதெல்லாம் பக்கத்தில் காப்பி கொண்டுவந்து வைத்திருக்கிறாள். குழுவில் வந்ததை அவர் வாசித்துக் காட்டியபோது கேட்டுக்கொண்டிருக்கிறாள். அப்போதெல்லாம் தெரிந்துதான் இருந்தது. நாற்பது வருடமாக ஒருத்தியோடு இருந்தேன், எட்டு மாதமாக ஆளைத் தெரியாமல் போனது அவளுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கேட்கலையா அவரை?" என்றார். "கோபம் வரலையா?"

"வந்துது. கொல்லலாம்னு வந்துது." அவள் இதையும் அதே குரலில்தான் சொன்னாள். "கேட்டா பொய் சொல்லுவார் சார். அவர் பொய் சொல்றதை உட்கார்ந்து பார்க்கணுமே. அதுக்கு நான் கேட்காமலே இருந்துட்டேன்." பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள், சின்ன முள்ளையும் பெரிய முள்ளையும் மாறி மாறிப் பார்த்தாள், முகம் மாறியது. "மணி ஆச்சு. அவர் வர நேரம். தப்பா எடுத்துக்காதீங்க சார், வீட்ல தனியா இருக்கேன், நீங்க கிளம்புங்க. யாரோ உட்கார்ந்திருக்கறதைப் பார்த்தா அவர் சங்கடப்படுவார்." எழுந்து நின்று கைகூப்பினாள். இன்னும் இரண்டு நிமிடம் போனால் அழத் தொடங்குவாள் என்று அவருக்குத் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு, தாழ்ப்பாளை எடுத்து, வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினார்.

மேல்மாடிக்குப் போகும் படியில் இரண்டாவது படியில் உட்கார்ந்தார், கதவைத் தொடுகிற தூரம். கேஸ் அடைத்தாயிற்று. பால்கனி பூட்டியாயிற்று. உள்ளே அவள் நடக்கிற சத்தம் கேட்டது, கேட்கிறவரைக்கும் பயமில்லை, நின்றால்தான் பயம். சுவரில் யாரோ மூன்று சக்கர சைக்கிளைச் சாய்த்து வைத்திருந்தார்கள், அதன் ஒரு மிதி இல்லை. சிமென்ட் குளிர்ச்சி வேட்டிக்குள் ஏறியது. இப்போது மணி ஐந்து பத்து. ஐந்தரைக்கு மணி அடித்தால் திறப்பாள். சில நாள் ஐந்தரைக்கு அவளுக்குத் தெளிவு வருவதுண்டு, போன மாதம் ஒரு நாள் அவர் பால் வாங்கிவிட்டு வந்தபோது, "ஏன் இளைச்சுப் போயிட்டீங்க" என்று கேட்டாள், அவ்வளவுதான், காப்பி குடிப்பதற்குள் போய்விட்டது. இன்றைக்கும் வந்தால் சொல்லிவிடவேண்டும். என்ன சொல்வது. நான் அன்றைக்கு என்று தொடங்கவேண்டும். நவநீதம், நான் அன்றைக்கு. துணி எடுக்கத்தான் போனேன் என்று வாய் தானாகவே அந்தப் பக்கம் திரும்புகிறது, துணி எடுக்கத்தான், வெந்நீர் கொதிக்கும்வரைக்கும்தான். இல்லை. அதெல்லாம் வேண்டாம். கண்ணைத் திறந்து வைத்திருந்ததாமே. யார் ஜாடை என்று அவர் கேட்டதே இல்லை. அப்போது கேட்கப் பயம், பிறகு கேட்க நேரம் தாண்டிப்போயிற்று, இப்போது அதைத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான், அவளுக்குள்ளிருந்தும் அது எந்த நாளும் உதிர்ந்து போகலாம். அது போனால் அந்தக் குழந்தையைப் பார்த்தவர்கள் உலகத்தில் யாரும் இல்லை. கீழே ஸ்கூட்டர் வந்து நின்றது, மேல்மாடிக்காரர் ஏறி வந்து, "என்ன சார் வெளியில உட்கார்ந்துட்டீங்க" என்றார். "காத்து வாங்கலாம்னு" என்றார் தணிகாசலம். படிக்கட்டில் காற்றே இல்லை. வந்தவர் தாண்டி மேலே போய்விட்டார். உள்ளே நடை நின்றது. தணிகாசலம் எழுந்தார், மணி ஐந்து இருபத்தெட்டு, போதும், மணியை அழுத்தினார்.

கதவு உடனே திறந்தது. முகம் கழுவி, பொட்டு வைத்து, முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள். அவரைப் பார்த்தாள், மேலிருந்து கீழ்வரை, சட்டென்று தோள் இரண்டும் தளர்ந்தன.

"வந்துட்டீங்களா. என்னங்க இவ்வளவு நேரம்."

"வந்துட்டேன்" என்றார். "நவநீதம்."

"யாரோ ஒருத்தர் வந்து உட்கார்ந்திருந்தார் உங்களைப் பார்க்கணும்னு. வயசானவர். நல்ல மனுஷன்தான் பாவம். நான்தான் என்னென்னவோ பேசிட்டேன்."

"என்ன பேசினே?"

அவள் அவர் கண்ணைப் பார்த்தாள். எட்டு மாதத்தில் அவள் அப்படிப் பார்த்ததில்லை, முழுதாக, அடியாழம் வரைக்கும் தெரிந்தவளாக, அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது, ஆஸ்பத்திரி, மழை, பெஞ்சு, எல்லாம் இருப்பதை அவர் பார்த்தார். சொல்வாள் என்று நினைத்தார். சொல்லட்டும் என்று நினைத்தார்.

"ஒண்ணுமில்லைங்க" என்றாள். "சும்மா ஊர்க்கதை. போய்க் கால் கழுவிட்டு வாங்க, டீ போடறேன்."

நவநீதம், நான் அன்றைக்கு. வாய் திறந்தது. சொல் வரவில்லை, வந்துவிடும், ஒரு நிமிடம், முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டால் வந்துவிடும். தலையாட்டிவிட்டுக் குளியலறைக்குள் போனார். குழாயைத் திறந்து கால் கழுவினார், முகம் கழுவினார், வாளி நிறைந்து வழிவதைப் பார்த்துக்கொண்டு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து கடைசிவரைக்கும் ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். நான் அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கடைசிவரைக்கும் பார்த்தேன், அவன் யார் ஜாடை என்று சொல். அவ்வளவுதான். இவ்வளவுதான் இருந்திருக்கிறது. குழாயை மூட மறந்து, ஈரக் கையோடு கூடத்துக்கு வந்தார்.

அவள் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். துண்டு மடியில் இருந்தது. அவரைப் பார்த்ததும் எழுந்துகொள்ளப் போனாள், வாயை மட்டும் விரித்துச் சிரித்தாள்.

"உட்காருங்க சார்" என்றாள். "இப்பதான் வந்தார். உள்ளே கால் கழுவிட்டிருக்கார், தண்ணி சத்தம் கேட்குது பாருங்க."

தணிகாசலம் எதிரில் உட்கார்ந்தார். உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு, துண்டை நான்காக மடித்து, அவர் வந்தால் துடைத்துக்கொள்ளக் கொடுப்பதற்குத் தயாராகக் கையில் வைத்துக்கொண்டாள்.